தேதி போட்டு எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங், 2011 மே 21-இல் விசுவாசிகள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்றார். நடக்கவில்லை. உடனே, 'அன்று கண்ணுக்குத் தெரியாத நியாயத்தீர்ப்பு நடந்தது, உலக முடிவு அக்டோபர் 21' என்று அர்த்தத்தை வளைத்தார். (முடிவுக்கு 1994-ஐயும் முன்பு சுட்டியவர்தான்.) தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது வேதாகமத்தின் உபாகமம் 18:22. அதன்படி மே மாதமே விஷயம் முடிந்துவிட்டது.

இந்த வளைப்பைத் தடுக்க, தீர்க்கதரிசனம் கேட்ட அன்றே சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு சபைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'பெரிய மாற்றம் வரும்' என்பதைச் சோதிக்கவே முடியாது; பதிவுக்கே தகுதியில்லை. நினிவே நகரம் 40 நாளில் அழியும் என்ற யோனா தீர்க்கதரிசியின் எச்சரிக்கை, அந்நகரத்தார் மனந்திரும்பியதால் நிறைவேறவில்லை. தவறிய தேதிக்கெல்லாம் அதைச் சாக்காக்கக் கூடாது.

பலித்தாலும் போதாது, வேறு தெய்வத்திடம் இழுத்தால் கேளாதே என்கிறது உபாகமம் 13. சொன்னதை மற்றவர்கள் நிதானிக்க, அதாவது சோதித்துப் பார்க்க, வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. கேள்வி கேட்டவரை 'அவிசுவாசி' என்று அடக்கும் மேடையில் அது எப்படி நடக்கும்?

– ஒரு வாசகர்