ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டில் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறக்கும் முன்பே நம் கோபிப் பக்கம் வெயில் வறுத்தெடுக்கிறது. பாதிப் பிள்ளைகள் ஐஸ் கட்டியாக உறைந்த பாட்டிலோடுதான் வருகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் டயாக்ஸின் என்ற விஷம் தண்ணீரில் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நாலைந்து அம்மாக்கள் பள்ளிக்கே வந்து கேட்டார்கள்.

அந்தப் பயம் வேண்டாங்க. பிளாஸ்டிக்கில் உள்ள வேதிப்பொருள் சாப்பாட்டில் இறங்குவது சூடு ஏற ஏறத்தான் கூடும், குளிரில் குறையும். டயாக்ஸினோ எரிப்பதால் உண்டாவது. தோட்டத்தில் சருகோடு சேர்த்துப் பிளாஸ்டிக் குப்பையையும் கொளுத்துகிறோமே, அந்தப் புகையில் அது வரும். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஃப்ரீசரில் வேறு தொல்லை இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுடைய பை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முடி போல ஒரு விரிசல். கழுத்து வரை நிரப்பி உறைய வைத்திருக்கிறார்கள். கணக்கு நோட்டு முழுக்க மை பரவி, பாவம், அழுதுவிட்டான். விரிசல் விட்ட பாட்டில் வேண்டவே வேண்டாம். இடுக்கில் அழுக்குச் சேரும், கழுவினாலும் போகாது.

இன்னொன்று, பதினொரு மணி இடைவேளையில் பாட்டிலில் இரண்டு மடக்குத்தான் உருகியிருக்கிறது. மீதி கட்டி. பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அதனால் கால் பாகம் மட்டும் உறைய வைத்து, காலையில் மேலே பானைத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டிலை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெடித்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது சாப்பாட்டு டப்பாதான். அடுப்பில் இருந்து இறக்கிய அரிசிம்பருப்புச் சோற்றை அப்படியே பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி அனுப்புகிறீர்கள். ஒரு பாப்பாவின் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சூட்டில் மூடி உள்வாங்கி, ஓரம் நெளிந்து, மஞ்சள் கறை ஏறிக் கிடந்தது. குளிர்ந்த பொருளுக்கென்று செய்த மெல்லிசான டப்பா அது. சுடுசோற்றுக்கு எவர்சில்வர் டிபன் கொடுங்கள். வீட்டில் இல்லையென்றால் கூச்சப்படாமல் என்னிடம் சொல்லுங்கள், பள்ளியில் ஏற்பாடு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்