வெயிலைப் பற்றி எழுதினீர்கள், என் வீட்டுக்காரரைப் பற்றி யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் உடல்நலப் பகுதியில், வெயில் கடுமையாக இருப்பதால் 60 வயதைத் தாண்டியவர்கள் காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெளியே போகாமல் இருப்பது நல்லது என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்தத் துண்டை என் வீட்டுக்காரர் கத்தரித்து ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துவிட்டார். எங்கேயாவது போய்வரலாமா என்று நான் வாயைத் திறந்தால் போதும், எழுந்து போய் அதை விரலால் தட்டிக் காட்டுகிறார். "பேப்பர்லயே போட்டுட்டான்லா. அப்புறம் என்னா?"

அந்த ஐஸ் பெட்டிக்கும் ஒரு கதை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

எனக்கு 67, அவருக்கு 71. இரண்டு பேரும் தோட்டத்தில் பால் எடுக்கக் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்கள். அவர் கடைசிக் காலத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர், அதாவது கங்காணி, ஆனார். ஆன நாளிலிருந்து இன்றுவரை மண்டோர்தான், ஆள்தான் குறைந்து நான் ஒருத்தி ஆகிவிட்டேன். தோட்டத்தில் கித்தாவை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்து வரிசை வீட்டை விட்டு சுங்கை சிப்புட் டவுனுக்குப் பக்கத்தில் தாமான் வீட்டுக்கு வந்தோம். காலையில் கோப்பியைக் கையில் கொடுத்ததும் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு, வாசகர் கடிதம் வரைக்கும் சத்தம் போட்டு வாசிப்பார். கண்ணாடி எனக்கும் இருக்கிறது, எனக்கும் வாசிக்கத் தெரியும் என்று பல தடவை சொல்லியாயிற்று. பெரட்டில், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும்போது, பேர் வாசித்த பழக்கம், போகவில்லை.

வெயில் எங்களுக்குப் புதிதா? தமிழ்நாட்டில் இருக்கிற மாதிரி கோடை என்று மலேசியாவில் நமக்குத் தனியாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் சில மாதம் மழை வழி மறந்துவிடும், புல் காய்ந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து 35 பாகையிலிருந்து 37 பாகை வரைக்கும் அடித்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. நாங்கள் வெட்டிய காலத்தில் எச்சரிக்கையை மரமே விடும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதனால்தான் விடியுமுன்னே எழுந்து, இருட்டோடு பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாரில், மரம் வெட்டும் இடத்தில், நிற்போம்.

இந்த வறட்சியில் நாங்கள் இரண்டு தடவை வெளியே போய் வந்தோம். இரண்டிலும் வந்த இடைஞ்சலை எழுதுகிறேன். இதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

முதல் தடவை கோலகங்சாருக்குப் போவதாக இருந்தோம். எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்தது. ஏறி உட்கார்ந்து சேலையைச் சரி செய்வதற்குள் இறங்க வேண்டியதுதான். ஆற்றோரமாக ஒரு லக்சா நூடுல்ஸ், ஒரு சுற்று, வெயில் ஏறுமுன் வீடு. இதுதான் திட்டம். இதற்காக முந்தின நாள் ராத்திரி இவர் தலைக்கு மை போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு மேல் போட்டுச் சரியாக அலசாமல் படுத்துவிட்டார், தலையணை உறை சொல்லிற்று. அவ்வளவு பாடுபட்டும் டிக்கெட் கொடுத்த பெண்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேட்காமலே மூத்த குடிமக்கள் கழிவு போட்டுக் கொடுத்துவிட்டாள். காசு மிச்சம் என்று எனக்கு சந்தோஷம். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அடையாளக் கார்டு கூடப் பார்க்காம எப்படிக் கொடுக்கலாம்? முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவப் பையன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், சிரித்துவிட்டான். அது போதுமே. "தம்பி, இந்த நாட்டுல மொதல் ரயிலு எங்க ஓடுச்சு தெரியுமா?" பையன் ஒரு காதைக் கழற்றினான். 1885 ஜூன் முதல் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, ஈயம் ஏற்றுவதற்காக என்று ஆரம்பித்தார். கோலகங்சார் என்று அறிவிப்பு வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி, இரு என்றார். தீம்பாரில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் காட்டுவாரே, அதே கை. முப்பது வருஷம் அந்தக் கைக்குக் கட்டுப்பட்ட கால், நின்றுவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

பாடாங் ரெங்காஸ் தாண்டினால் மலையைக் குடைந்து போட்ட சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் 1885-ஐ விட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ஏதோ அவரே ஏற்பாடு செய்த மாதிரி, "மொதல் ரயிலு ஓடுன ஊரையே பார்த்துட்டு வந்துருவோமே" என்றார்.

தைப்பிங் ஏரித் தோட்டம் அழகுதான், அதை மறுக்க மாட்டேன். ஈயம் தோண்டிய பள்ளத்தை 1880-இல் தோட்டமாக ஆக்கினார்கள். கரையில் நிற்கிற பழைய தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. கீழே ஒரு பெஞ்சு கிடைத்தது. நான் கொண்டுபோன தோசையைச் சம்பலோடு சாப்பிட்டார், சாய்ந்தார், தூங்கிவிட்டார். தூங்குமூஞ்சி மரத்துக்கு ஜோடி கிடைத்தது.

அண்ணாந்து பார்த்தேன், இலையெல்லாம் மடங்கிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அந்த மரம் அப்படித்தான் செய்யும். எழுப்பிச் சொன்னேன். "பெய்யாது. எச்சரிக்கை விட்டிருக்கான்" என்றார், கண்ணைத் திறக்காமலே. தைப்பிங்கில் மழை வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். நான் கட்டியிருந்தால் அன்றைக்குப் பணக்காரி ஆகியிருப்பேன். குடை கொண்டுவர வேண்டாம், குடை பிடித்தால் கிழவன் என்பார்கள் என்று வீட்டிலேயே தடுத்தவர் அவர். ஓடிப் போய் ஒரு பலகாரக் கடையில் ஒதுங்கினோம். கடைக்கார மலாய் அம்மா அவரைப் பார்த்ததும் டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து நீட்டி, என்னிடம் மெதுவாகக் கேட்டார், உங்கள் வீட்டுக்காரருக்குத் தலையில் அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று. காதுக்குப் பின்னாலிருந்து கறுப்பாக இரண்டு கோடு இறங்கி வெள்ளைச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சட்டை இப்போது எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் துடைக்கிறது.

இரண்டாவது தடவை, ரயிலே வேண்டாம் என்று மோட்டாரிலேயே கோலகங்சார் போனோம். பசியாறாமல் போய் நேரே லக்சா. அதில் ஒரு குறையும் இல்லை, அதனால் எழுத ஒன்றுமில்லை.

சாப்பிட்டு முடித்ததும், உனக்கு ஒன்று காட்டுகிறேன் வா என்றார். மசூதியின் தங்கக் கோபுரமாக இருக்கும், இல்லை அரண்மனையாக இருக்கும் என்று பின்னால் உட்கார்ந்து போனேன். மோட்டாரை நிறுத்தினார். எதிரே வேலி, ஒரு பலகை, உள்ளே ஒரு கித்தா மரம்.

ஐயா, வாழ்நாளில் பாதியைக் கித்தா மரத்தடியில் கழித்தவள் நான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு மரம் என்று அந்த மரங்களுக்கே தெரியும். அப்படிப்பட்டவளை லீவு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் கித்தா மரத்தைக் காட்டினால் என்ன செய்வது?

சாதாரண மரம் இல்லைதான். 1876-இல் பிரேசிலிலிருந்து விதை இங்கிலாந்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த வருஷம் சிங்கப்பூர் வந்து, அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்களாம். அதில் மிஞ்சி நிற்பது இது ஒன்று. நாங்கள் வெட்டிய மரங்களையெல்லாம் இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் பால் குறைந்துவிட்டது என்று சாய்த்துவிடுவார்கள். இதற்கு மட்டும் வேலியும் பலகையும் பென்ஷனும்.

அவர் வேலியை ஒட்டிப் போய் நின்றார். மண்டோர் கண்ணால் அடியிலிருந்து மேலே பார்த்தார். "பட்டையெல்லாம் முண்டும் முடிச்சுமா இருக்கு. உளி வைக்க எடமில்ல." கையை நீட்டினார், எட்டவில்லை. எட்டாவிட்டால் என்ன, காற்றிலேயே வெட்ட ஆரம்பித்துவிட்டார். முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கையும் உளியைப் பிடித்த மாதிரி சேர்த்து, இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழாக, அந்தச் சாய்வு ஒரு நூல் பிசகாமல், சின்னச் சின்ன இழுப்பாக இழுத்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். கடைசியில் குனிந்து இல்லாத பால் கிண்ணத்தைத் திருப்பி வைத்தார். காவலாளி வந்து என்னைப் பார்த்து, பாக்சிக், அதாவது பெரியவர், சாமி கும்பிடுகிறாரா என்று கேட்டார்.

ஒரு வகையில் அப்படித்தான் என்றேன்.

அவ்வளவுதான், காவலாளியின் அப்பாவும் சொந்தமாக நாலு ஏக்கர் கித்தா வைத்திருந்தவராம். ஒட்டுப்பால் விலையில் ஆரம்பித்து அரை மணி நேரம் ஓடிற்று. நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் கொஞ்சம் இளகிய குரலில், "இந்த ஒம்பது கன்னு வரலேன்னா நம்ம தாத்தாமாரு கப்பல் ஏறியிருப்பாங்களா? நீயும் நானும் பார்த்திருப்போமா?" என்றார்.

"ஒம்பதையும் அன்னைக்கே ஆடு மேஞ்சிருக்கலாம்" என்றேன்.

வழியில் லாபு சாயோங் வாங்கினேன். கறுப்பாகச் சுரைக்காய் வடிவத்தில் மண் கூஜா, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்வது. தண்ணீர் ஊற்றி வைத்தால் தானே குளிர்ந்துவிடும். வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்? மோட்டாரில் எங்கள் இருவருக்கும் நடுவில் பேரப்பிள்ளை மாதிரி உட்கார்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் மெதுவா, மெதுவா என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தது. நன்றாக ஊற வைத்துக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ராத்திரி தாகம் எடுத்து எழுந்தவர் ஒரு மடக்குக் குடித்திருக்கிறார். இன்னும் ஜில்லென்று இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது. தானே குளிரும் கூஜாவைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கூஜாவுக்குக் கழுத்து நீளம், கதவு சேரவில்லை. சேர்ந்த வரைக்கும் போதும் என்று போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் சமையல்கட்டில் தண்ணீர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று சுத்தம் செய்து வைத்த ஒன்றரைக் கிலோ திருக்கை மீன், வாசனையிலேயே என்னைக் கூப்பிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை மூன்று நாள் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை.

அந்தக் கதவில்தான் இப்போது உங்கள் கட்டுரை ஒட்டியிருக்கிறது.

அடுத்து தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே மூன்றுதான் என்கிறார்கள். சாய்ந்து கிடப்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, எங்கள் கூடத்து நாற்காலியிலேயே ஒன்று இருக்கிறது. இருந்தாலும் எனக்கு ஆசை. அந்தக் கோபுரம் கட்டியதும் 1885-ஆம். ரயிலில் போனால் அவர் அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டார், அதனால் மகன் காடியில் போவதாக முடிவு.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை வெயிலைப் பற்றி எழுதும்போது, காலை 11 மணிக்கு முன்னால் தாராளமாக வெளியே போகலாம், வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். எங்களுக்கு இன்னும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, 11 மணிக்குள் போய்த் திரும்பியே வந்துவிடலாம். அந்த வரியை நானே கத்தரித்து ஒட்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். கோப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவர்தான் சத்தமாக வாசிப்பார். எத்தனையாவது வரியில் நிறுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். தலைக்கு மை போட்ட வரி வரைக்கும் போவார் என்று என் கணக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.