ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடு. நான் பதில் எழுதத் தாமதித்ததற்குச் சோம்பல் பாதி, ஒரு கணக்கு மீதி.

சில பம்புகளைச் சோதனைக்கு ஓடவிட்டோம். நேரம் முடிந்து நிறுத்தியபோது பாதிக்கு மேல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. இதைத்தான் சென்சார்டு டேட்டா என்கிறோம். கத்தரியோடு உட்கார்ந்திருக்கும் ஆசாமியை நினைத்துவிடாதே, இங்கே கத்தரிப்பது கடிகாரம். "பழுதாகாததை விட்டுவிடலாமே சார்" என்றார் கூட வேலை செய்யும் பையன். நானும் ஒரு காலத்தில் அப்படி விட்டவன்தான். விட்டால் சீக்கிரம் செத்தவை மட்டுமே மிஞ்சும், சராசரி ஆயுள் அநியாயத்துக்குக் குறையும். பழுதானதற்கு அந்த நேரத்து நிகழ்தகவு அடர்த்தியையும் (சரியாக அந்த நேரத்தையொட்டி நிற்க எவ்வளவு வாய்ப்பு என்பது), ஓடுவதற்கு அதுவரை தாக்குப்பிடித்த நிகழ்தகவையும் போட்டுப் பெருக்க வேண்டும்.

அதோடு பம்புகளும் ஒரே ரகம் இல்லை. ஒரு பேச்சுக்கு, நூற்றில் பத்து சொத்தை, சராசரி ஆயுள் 200 மணி. மற்றவை 2000 மணி என்று வை. இரண்டுமே அடுக்குக்குறிப் பரவல், அதாவது எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும் அடுத்த மணியில் நிற்கும் வாய்ப்பு மாறாது. 50 மணியில் ஒன்று நின்றுவிட்டது. உடனே சொத்தை என்று முத்திரை குத்தத் தோன்றும். போட்டுப் பார்த்தால் 47 சதவீதம்தான்! நல்ல ரகம் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அதிலும் சில முன்கூட்டியே போகும். 500 மணி தாண்டியும் ஓடுகிற பம்போ, சொத்தையாக இருக்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம். பழுதே ஆகாத பம்புதான் அதிகம் பேசுகிறது, பார்த்தாயா?

மெண்டன்ஹால், ஹேடர் என்ற புள்ளியியலாளர்கள் 1958-லேயே இப்படி ரகங்கள் கலந்த கலவையைச் சென்சாரோடு மதிப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கில், பழுதானது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் கிப்ஸ் முறை: ஒவ்வொரு சுற்றிலும் பம்புக்குப் பம்பு, அதன் வாய்ப்புக்கேற்பச் சீட்டுப் போட்டு ரகம் பிரிப்பது, பிறகு அந்தப் பிரிவை வைத்து ஆயுளையும் விகிதத்தையும் புதிதாக எடுப்பது. இப்படி ஆயிரக்கணக்கில்.

முதல் நாள் முடிவைப் பார்த்து மண்டை காய்ந்தது. இரண்டு ரகத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஆயுள்! கலவையே இல்லையோ என்று நினைத்துத் தூங்கப் போனேன். காலையில் சுற்றுவாரியாக வரைந்து பார்த்தால், இரண்டு கோடுகளும் நடுநடுவே இடம் மாறியிருந்தன. ஒன்று, இரண்டு என்பது நாம் வைத்த பெயர், கணக்குக்கு அது தெரியாது. சராசரி எடுத்ததும் இரண்டும் கலந்துவிட்டன. குறைந்த ஆயுள்தான் முதல் ரகம் என்று கட்டியதும் சரியானது.

இன்னும் உறுத்துவது நல்ல ரகம்தான். அதில் பெரும்பாலானவை நிற்கவே இல்லை. "குறைந்தது இவ்வளவு" என்பதற்கு மேல் தரவு வாயைத் திறக்காது. மேல்வரம்பு கிட்டத்தட்ட நான் வைத்த ப்ரையர், அதாவது தரவைப் பார்க்கும் முன்பே வைத்த ஊகம், சொல்வதுதான். அதை மாற்றினால் விடையும் கூடவே நகர்கிறது. மேலிடம் ஒற்றை எண்ணைக் கேட்கிறது. நான் இதிலிருந்து இதுவரை என்று இடைவெளியாகத்தான் கொடுத்தேன், முகம் சுளித்தார்கள்.

அப்புறம், நீ பராமரிப்பில் இருந்தபோது எழுதி வைத்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றனவா? எந்த பம்பு எத்தனை மணி ஓடியது, எப்போது கழற்றினீர்கள் என்று குத்துமதிப்பாக இருந்தாலும் போதும். பழுதாவதற்கு முன்பே கழற்றியதையும் விடாமல் எழுதி அனுப்பு.

அன்புடன்,
மணி