ஷ்வேபோ பேரு வச்ச ஆமையை விட்டுட்டீங்களே!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் நம்ம பேப்பர்ல வெனிசுவேலா ராட்சஸ ஆமை ஸ்டூபெண்டெமிஸ் பத்தி போட்டிருந்தீங்க, படமெல்லாம் அருமை, ஆனா கடைசி வரியில "இந்த மாதிரி பக்கவாட்டுக் கழுத்து ஆமை நம்ம பக்கத்துல இருந்ததே இல்ல"ன்னு முடிச்சிட்டீங்க பாருங்க, அது தப்பு. நம்ம பர்மாவுல உள்ள ஷ்வேபோ ஊரு பேரையே வச்ச ஃபாசில் ஆமை ஒண்ணு இருக்கு. ஷ்வேபோஎமிஸ் பில்கிரிமி. 1939ல ஸ்விண்டன்னு ஒருத்தர் வச்ச பேரு. எமிஸ்னா கிரேக்கத்துல ஆமை, பில்கிரிமிங்கிறது இந்திய ஜியாலஜிகல் சர்வேல இருந்து பர்மா ஃபாசில்களை ஆராய்ஞ்ச பில்கிரிம் பேரு. ஷ்வேபோன்னா முகத்துல பூசுற தநாக்காவும் அரிசியும்தான் நமக்கு ஞாபகம் வரும், ஆமை யாருக்குத் தெரியும்.

கழுத்து விஷயம் புரியணும்னா யாங்கோன் போட்டதாங் பகோடா ஆமைக் குளத்துக்குப் போங்க. நான் பேரனைக் கூட்டிட்டுப் போயி அரைமணி நேரம் கரையில உக்காந்து பாத்தேன், ஒண்ணு படியேறி வந்துச்சு, பையன் கையை நீட்டினதும் தலையை நேரா உள்ள இழுத்துக்கிச்சு, கழுத்து உள்ளாற மேலயும் கீழயுமா மடங்கிக்கும். பக்கவாட்டுக் கழுத்து ஆமை அப்படி இழுக்காது, கழுத்தைப் பக்கத்துல மடிச்சு ஓட்டு விளிம்புக்கு அடியில ஒதுக்கி வச்சுக்கும், நாம பஸ்ல ஜன்னலோரம் தலையைச் சாய்ச்சுத் தூங்குவோமே அந்த மாதிரி. இடுப்பெலும்பும் ஓட்டோட ஒட்டியே இருக்கும். இந்த வகை இப்ப முக்கியமா தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா பக்கம் உயிரோட இருக்கு, பர்மாவுல ஒண்ணுகூட இல்ல, அதனாலதான் ஷ்வேபோ எலும்புக்கு இவ்வளவு மவுசு.

இனி பேரு கதை. ஓடு மட்டும் வச்சு எந்தக் குடும்பம்னு சொல்றது கஷ்டம், மண்டையோடு கிடைச்சாத்தான் துப்பு துலங்கும். ஷ்வேபோஎமிஸ்க்கு மண்டையோடு இருக்கு, வாய்க்குள்ள மேலண்ணத்துல ரெண்டு பக்கமும் எலும்பு பலகை மாதிரி வளந்து நடுவுல ஒரு பிளவு விட்டிருக்கும். இதே மாதிரி அண்ணம் வேற ஊருல கிடைச்சதும் அதையும் ஷ்வேபோஎமிஸ்னே சேத்துட்டாங்க. பலுசிஸ்தான் டேரா புக்டியில கிடைச்சதுக்கு 1970ல வுட்ங்கிறவர் ஷ்வேபோஎமிஸ் காஃப்னியின்னு வச்சாரு, எகிப்து ஃபாயூம் ஆமையும் உள்ள வந்துச்சு. அப்புறம் 2011ல பெரிய ஆராய்ச்சி ஒண்ணு பண்ணி எல்லாத்தையும் பிரிச்சிட்டாங்க, புக்டி ஆமை பிராண்டோகெலிஸ் ஆச்சு, எகிப்து ஆமை கார்டிகெலிஸ். வேடிக்கை என்னன்னா அந்த ஆராய்ச்சியில வுட்டும் இருந்தாரு, யார் பேரை வச்சாரோ அந்த காஃப்னியும் இருந்தாரு.

ஆனா காஃப்னியிங்கிற பேரு போகல, பிராண்டோகெலிஸ் காஃப்னியின்னு முன்னாடி உள்ளது மட்டும் மாறுச்சு. இனிஷியல் மாறுது, சொந்தப் பேரு மாறலன்னு வச்சுக்குங்களேன். (நமக்கு அதுவும் கிடையாது, வீட்ல ஒரு பேரு ஸ்கூல் ரிஜிஸ்டர்ல பர்மா பேரு, பர்மா பேர்ல இனிஷியலே இல்ல, எங்க அப்பா பேரு எந்தக் காயிதத்துலயும் என் பக்கத்துல வந்ததில்ல.) யாரு வெளிய போனாலும் ஷ்வேபோஎமிஸ்ங்கிற பேரு முதல்ல யாருக்கு வச்சாங்களோ அதுக்கிட்டயே இருக்கணும்ங்கிறது விதி, அதனால பில்கிரிமிகிட்ட அது பத்திரமா இருக்கு.

அதனால ஒரு திருத்தம் போடுங்க ஐயா, ரெண்டு வரி போதும். போடும்போது ஷ்வேபோவை ஷ்வேடகோன்னு மாத்திப் போட்டுடாதீங்க, அப்புறம் அதுக்கும் நான் லெட்டர் எழுதணும்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகர் ஒருத்தர்