வாவிக்கரை நாற்சார் வீடு: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

மட்டக்களப்பில், அருங்காட்சியக வளாகத்திலுள்ள நாற்சார் வீட்டின் (நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய பழைய வீடு) திருத்தவேலை முடிந்தது. கணக்காய்வு செய்த வரவுசெலவுக் கணக்கு தனித்தாளாக வருகிறது. எந்தக் காசு எதற்குப் போனது, ஏன் போனது என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

நிதி சேர்த்தபோது கூரைக்கும் கதவு யன்னலுக்கும் தாராளமாகக் கிடைத்தது. சுவரடியில் தேங்கும் நீரை வடிக்கும் வாய்க்காலுக்கென்று தர ஒருவரும் முன்வரவில்லை. ஆனால் வீட்டை அழித்துக்கொண்டிருந்தது அடியிலிருந்து ஏறிய உப்பு ஈரம். ஆகவே எந்த வேலைக்கும் செலவிடக்கூடியதாக, நிதி சேர்ப்பின் இரண்டாம் கட்டத்திலிருந்து பற்றுச்சீட்டில் 'பொது நிதி' என்றே எழுதினோம். கூரைக்கென்றே தந்த காசைத் தனிக் கணக்கில் வைத்தோம், வேறெதற்கும் எடுக்கவில்லை. தருவதாகச் சொன்ன தொகையை நம்பி ஒப்பந்தம் வைக்கவுமில்லை. வெளிநாட்டு உறவுகள் தனித்தனியே சிறு தொகை அனுப்பினால் வங்கிக் கட்டணத்திலேயே பாதி கரையும்; ஒவ்வொரு நகரிலும் ஒருவர் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பியது நல்ல ஏற்பாடு.

அதிக காலமும் கூலியும் சுவருக்குத்தான். முன்னைய திருத்தவேலையில் சுவரடியில் ஒரு மீற்றர் உயரத்துக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் உறிஞ்சிய ஈரம் மேற்பரப்பால் உலர்ந்து போகவேண்டும். சீமெந்து அந்த வழியை அடைத்ததால் ஈரம் அதற்கு மேலே ஏறியது. அங்கே உப்புப் படிந்து கல் மாவாய் உதிர்ந்தது. சீமெந்தைச் சிற்றுளியால் மெல்லத் தட்டி எடுத்தோம். இயந்திரம் வைத்தால் கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். பிறகு நனைத்த காகிதக்கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து, உப்பு பூப்பது குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம்.

சுண்ணாம்பில் கவனம் வேண்டும். கடற்கரைப் பவளக்கல் எடுப்பது சட்டப்படி தடை. மலைநாட்டுச் சுண்ணாம்பு பெரும்பாலும் மக்னீசியம் கலந்த டொலமைற்று; அது மெதுவாகத்தான் நீறும். நீறாமல் பூசினால் மாதங்கள் கழித்துப் பொரிந்து வெடிக்கும். ஆகவே சுண்ணாம்பைத் தண்ணீர் மூடிநிற்கத் தொட்டியில் மூன்று மாதம் ஊறவிட்டு, சல்லடையில் வடித்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு ஆற்றுமணல், அதுவும் அனுமதிப்பத்திரத்துடன் வந்த மணல், கழுவியது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கித்தான் இறுகும். வெயில் அதை முந்தினால் வெடிப்புத்தான். ஈரச்சாக்குத் தொங்கவிடுவதில் மேசன்மாருக்கு ஆரம்பத்தில் பொறுமை இருக்கவில்லை.

மரவேலையில், கூரையைத் தாங்கும் முதிரை மர வளைகள் நல்லபடியே இருந்தன. சுவருக்குள் புதைந்த நுனிகள் மட்டும் அழுகியிருந்தன. முழு வளையையும் மாற்றாமல், அழுகிய நுனியை வெட்டி அதே மரத்தில் சாய்வுப் பொருத்து வைத்தோம். பொருத்தின் நீளம் வளையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. சாதாரண இரும்பாணிக்குப் பதில் 316 ரகத் துருவேறா உருக்கு. கடற்காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதி மரத்தைப் பிளக்கும்.

ஓடுகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். கணீரென்றவை மட்டும் மேலே போயின. 1978 நவம்பர் சூறாவளியை மறந்தவர் மட்டக்களப்பில் இல்லை. இறவாணத்து (கூரையின் கீழ் ஓரத்து) முதல் மூன்று வரிசையையும் முகட்டு ஓட்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, கைமரங்களை உலோகப் பட்டியால் சுவர்மேல் வளையோடு கட்டினோம்.

இனி வாய்க்கால். வெளிநிலம் காலப்போக்கில் வீட்டுத் தரையைவிட 20 சென்றிமீற்றர் உயர்ந்திருந்தது. மண்ணை வெட்டி அகற்றி, அத்திவாரம் இளகாதபடி சுவரிலிருந்து 60 சென்றிமீற்றர் தள்ளி வாய்க்கால் எடுத்தோம். மாரியில் நிலத்தடி நீர் மேலே வருவதால் உறிஞ்சு குழி இங்கு பயன்படாது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மூடிய மணல்திட்டு வெட்டப்படும்வரை வாவி நீர் உயர்ந்து நிற்கும். வாய்க்கால் முனையை அந்த மட்டத்துக்கு மேலே வைத்ததால் 150க்கு 1 என்ற சரிவே கிடைத்தது. அவ்வளவு தட்டையான வாய்க்காலில் மண் படியும்.

அதனால் மிகுதிப் பணத்தை நிலையான வைப்பில் இட்டுள்ளோம். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒக்டோபருக்கு முன் வாய்க்காலும் கூரைப் பீலியும் துப்புரவாக்கப்படும், கறையான் புற்றும் பார்க்கப்படும். ஒப்பந்தகாரருக்குரிய தொகையில் 5 வீதம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு முழு மாரி கழிந்து, சுவரைப் பார்வையிட்ட பின்னரே அது விடுவிக்கப்படும்.