வல்லாரை நல்லதுதான், ஆனால்…

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மூட்டுவலி அதிகமாகி அம்மா என்னோடு வந்துவிட்டார். அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போயிற்று. கோபித்துக்கொள்ளாதே.

வல்லாரைச் சாறு சேர்த்த க்ரீமைத் தங்கை வாங்கச் சொல்கிறாள், முகச் சுருக்கத்துக்குக் கேட்குமா என்று எழுதியிருந்தாய். க்ரீம் கலக்குவதே பிழைப்பாகிப்போன என்னிடம் கேட்டால் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

வல்லாரையின் பேர் காயம் ஆற்றுவதில் வந்தது. ஆசியாடிகோசைட், மேடகாசோசைட், இவற்றோடு ஆசியாடிக் அமிலம், மேடகாசிக் அமிலம் என்று நான்கு பொருள்கள்தான் அதில் முக்கியம். ஆய்வகத்தில் வளர்த்த தோல் உயிரணுக்கள் இவை பட்டதும் தோலைத் தொய்யாமல் தாங்கும் புரதமான கொலாஜனைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. இதை வைத்துத்தான் எல்லா விளம்பரமும்.

ஆனால் முகத்தில் மேல்தோல் என்று ஒரு காவல்காரன் இருக்கிறானே! 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலுக்குள் நுழைவது கடினம் என்று 2000-ல் ஒரு விதி எழுதினார்கள். எங்கள் தொழிலில் அது மனப்பாடம். ஆசியாடிகோசைடின் எடை ஏறத்தாழ 959. அதிலுள்ள மூன்று சர்க்கரைகளும் கழன்றால் மிஞ்சும் ஆசியாடிக் அமிலம் 489, மயிரிழையில் தப்புகிறது. அதுவோ தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். புண்பட்ட தோலில் காவல் கிடையாது, அதனால் அங்கே மருந்து நேராக இறங்குகிறது. புண்ணில் ஜெயித்தது புண்படாத தோலிலும் ஜெயிக்கும் என்று நான் நம்பிவிட மாட்டேன்.

அடுத்தது அளவு. டப்பாவில் ‘சாறு 10 சதவீதம்’ என்று போட்டிருந்தாலும் அந்தச் சாறே பெரும்பாலும் தண்ணீரும் கிளிசரினுமாக இருக்கலாம். பொருள்பட்டியலில் அளவு கூடியதுதான் முன்னால் நிற்கும், அதில் ஃபீனாக்சிஎத்தனால் எங்கே என்று பார். கெடாமலிருக்கச் சேர்ப்பது அது. ஐரோப்பிய வரம்பு 1 சதவீதம். வல்லாரை அதற்கும் பின்னால் நின்றால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆசியாடிகோசைட் இத்தனை சதவீதம் என்று தனியாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் மதிக்கலாம்.

இலையை நாமே ஊறவைத்துத் தடவலாமே என்று நீ கிளம்புவாய், தெரியும். நானும் கிளம்பினேன். ஐந்தாம் நாள் குப்பியின் மேல் ஆடை படர்ந்திருந்தது. இத்தனை வருட அனுபவத்துக்கு வெட்கக்கேடு!

வாங்கியாகிவிட்டது என்றால் முகத்துக்குப் போகாதே. முழங்கை மடிப்பில் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பார். வல்லாரை ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருவது அபூர்வம், ஆனால் வந்ததுண்டு. வறட்சியும் எரிச்சலும் குறைந்தால் லாபம்தான், அதில் பாதி கிளிசரினின் புண்ணியமாக இருந்தாலும். சுருக்கம் மறையுமென்று மட்டும் கண்ணாடி முன்னால் நிற்காதே.

டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, படித்துச் சொல்கிறேன். தங்கையிடம் இப்போதைக்கு வாய் திறக்காதே, என்மேல் பாய்வாள்.

அன்புடன்,
உன் சுமதி