அக்கா, பாப்பாகிட்ட நான் பேச மாட்டேன்

அக்கா,

லேட்டா பதில் போடுறேன், மன்னிச்சுக்கோ. நீ கேட்டது குடும்ப குரூப்ல எல்லாருக்கும் தெரிஞ்சு ஆளாளுக்கு தீர்ப்பு சொல்லியாச்சு, அதனால நானும் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிடுறேன். கென்யாவுல போராட்டத்துக்குப் போற உன் பொண்ணு பாப்பாவ, அத விட்டுட்டு இங்க கோயம்புத்தூருக்கு வரச் சொல்லி நீ கேட்ட மாதிரி நான் பேச மாட்டேன். அவ காலேஜ் பேரு, நீங்க இருக்குற ஏரியா எதுவும் இங்க வராது, காரணம் உனக்குத் தெரியும்.

2024 ஜூன் 25, நான் நைரோபில உங்க வீட்லதான இருந்தேன். காலையில நீ ஆபீஸ் கிளம்புறப்ப "பிரெட்டுக்குப் போட இருந்த 16% வாட் வரியத்தான் எடுத்துட்டாங்களே, இன்னும் எதுக்கு ரோட்டுக்குப் போறாங்க"ன்னு கேட்ட. பாப்பா, புது வரி போட அரசாங்கம் கொண்டுவந்த ஃபைனான்ஸ் பில்ல போன்ல திறந்து மீதி இருக்குற வரிய ஒண்ணொண்ணா காட்டினா, நீ பாக்காமலே போயிட்ட. நான் பாத்தேன். அந்தப் பில்ல எதிர்த்துப் போராடுன பசங்க அத அவங்கவங்க பாஷையில விளக்கி வீடியோ போட்டுருந்தாங்க, போன்லயே பணம் அனுப்புற எம்-பெசால காசு சேத்தாங்க, வக்கீலுங்க ஃபீஸ் இல்லாம வர்றோம்னு நம்பர் குடுத்திருந்தாங்க. எந்தக் கட்சியும் இல்ல, எந்த இனக்குழுவும் இல்ல, தலைவன்னு ஒருத்தன் இல்ல, இப்படி ஒண்ண நம்ம ஊர்ல நான் பாத்ததில்லக்கா.

அப்பறம் அவ பால்பாயிண்ட் பேனாவக் கொண்டாந்து என்கிட்ட நீட்டி, இடது கைய திருப்பிக் காட்டி, "சித்தி, வக்கீல் நம்பர எழுதுங்க, போன புடுங்கிட்டா கையில இருக்கும்"னா. வேர்வையில பேனா சறுக்குது, நான் அழுத்தி அழுத்தி எழுதுறேன், "சித்தி வலிக்குது"ன்னு சிரிக்கிறா. தண்ணி பாட்டிலு, கொடி, மாஸ்க்கு, அவ்ளோதான் எடுத்துட்டுப் போனா. நாந்தான் எழுதி அனுப்பினேன்னு உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லல, சொல்லாததுக்கு வேணா மன்னிப்பு கேட்டுக்குறேன், எழுதுனதுக்கு இல்ல.

அன்னைக்கு மத்தியானம் 195 எம்.பி.ங்க ஆதரிச்சு, 106 பேர் எதிர்த்து பில்லு பாஸ் ஆச்சு, பசங்க பார்லிமென்ட் உள்ள போனாங்க, போலீஸ் சுட்டுச்சு. நெட்டு சரியா வரல. அவ எத்தன மணிக்கு எப்படி வந்து சேந்தான்னு நான் எழுதப் போறதில்ல.

மறுநாளே அதிபர் ரூட்டோ அந்தப் பில்லுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னாரா இல்லயா? "இதெல்லாம் போராடி என்னத்த ஆகப்போகுது"ன்னு சொன்னவ நீதான், ஞாபகம் இருக்கா?

ஆனா உன் பயம் பொய்யுன்னு நான் சொல்லல. அங்க இருக்குற தேசிய மனித உரிமை கமிஷனே அந்தப் போராட்டத்துல 60 பேர் செத்ததா கணக்கு சொல்லுச்சு, டிசம்பருக்குள்ள 82 பேர் கடத்தப்பட்டதாவும் சொல்லுச்சு. 2025 ஜூன் ஆரம்பத்துல ஆல்பர்ட் ஓஜ்வாங்குன்னு ஒரு வாத்தியார் போலீஸ் காவல்ல செத்துப்போனாரு. அதே மாசம் 25-ம் தேதி, முத வருஷ நினைவு நாளுக்குப் போன கூட்டத்துலயும் பத்துப் பேருக்கு மேல செத்துப் போயிட்டாங்க, அன்னைக்கு டிவில லைவ் காட்டக்கூடாதுன்னு ஆர்டர் வேற போட்டாங்க. நைட்டு கேட்டுப் பக்கம் வண்டி நின்னா நீ எந்திரிச்சு உக்காந்துக்குறேன்னு சொன்னல்ல, அத நினைச்சா எனக்கு இங்க தூக்கம் வரலக்கா, சத்தியமா.

ஆனா "நாம பொழைக்க வந்தவங்க, நமக்கெதுக்கு வம்பு"ன்னு அவகிட்ட சொல்லாத. நீ பொழைக்கப் போனவ, சரி. அவ அங்கயே பொறந்தவ, கையில கென்யா பாஸ்போர்ட் இருக்கு. 2017-ல அங்க இருக்குற ஆசியக்காரங்கள கென்யாவோட 44-வது இனக்குழுன்னு அரசாங்கம் அறிவிச்சப்ப ஸ்வீட் வாங்கி எல்லாருக்கும் குடுத்தது நீயும் அத்தானும்தான? கடை லைசென்ஸுக்கு மட்டும் அந்த ஊர்க்காரங்க, ரோட்டுல அடி விழுறப்ப வெளிநாட்டுக்காரங்களா? அமைதியா கூடி ஆர்ப்பாட்டம் பண்ற உரிமை அந்த ஊரு அரசியல் சட்டத்துல 37-வது பிரிவுல இருக்கு, ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்கன்னு அவதான் எனக்கே சொன்னா. அந்த ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்டினது நீ.

இங்க காலேஜ்ல சேக்க வேண்டிய அட்மிஷன் ஃபார்ம் அப்படியே இருக்கு, நான் ஃபில் பண்ணல. அவளா வரணும்னு சொன்னா அன்னைக்கே டிக்கெட் போடுறேன், மேல் ரூம் காலியாத்தான் கிடக்கு. நீ சொல்லி வர வைக்க மட்டும் என்னைக் கேக்காத. கோவம் வந்தா குரூப்ல எழுதாத, நேரா எனக்குப் போன் போட்டுத் திட்டு, எடுப்பேன்.